பழைய போலோவுக்குப் புதுப்பேட்டை ரேடியோ பொருந்துமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது 2013 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ. வண்டியோடு வந்த கம்பெனி ரேடியோ செட் ஒரு நாள் காலையில் உயிர்விட்டது. சர்வீஸ் சென்டரில் புது செட்டுக்குச் சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய செட் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார். போலோ செட்தான் வேண்டுமா, வென்டோவோ ஸ்கோடா ரேபிடோ கிடைத்தால் எடுக்கலாமா, ஏமாறாமல் எப்படி வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த செட் அந்த ஓட்டையில் உட்காரும் என்று கேட்பதுபோல் இருக்கிறது. உட்காருவது சுலபம். உட்கார்ந்த பிறகு பூட்டுத் திறக்குமா, ராத்திரி வண்டி தூங்கும்போது கூடவே தூங்குமா? காசு போவதும் மிஞ்சுவதும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

சென்னையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை 20 வருஷத்துக்கு மேல் பார்க்கிறேன். புதுப்பேட்டையில் நானும் ஏமாந்திருக்கிறேன், அதையும் கீழே சொல்கிறேன்.

முதலில், உங்கள் செட் உண்மையிலேயே செத்துவிட்டதா? பழைய செட் வாங்கித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு செட்டே தேவைப்படுவதில்லை. ஃப்யூஸ் போயிருக்கும், எர்த் விட்டிருக்கும், அல்லது பழைய ரகச் செட்டில் பேட்டரி மாற்றிய அன்றிலிருந்து திரையில் 'சேஃப்' என்று ரகசிய எண் கேட்டு நிற்பதைப் பார்த்துக் கெட்டுப்போனதாக நினைத்திருப்பார்கள். உங்கள் போலோவில் செட்டைச் சுற்றியுள்ள ஃப்ரேம் வெறும் கிளிப்பில்தான் நிற்கிறது. பிளாஸ்டிக் நெம்புகோலால் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். அதன் பின்னால் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ நான்கு இருக்கும், டி20 பிட் போதும். செட்டை முன்னால் இழுத்தால் பின்னால் ஒரு பெரிய சதுரக் கப்ளர் தெரியும். அதற்குப் பெயர் குவாட்லாக். பக்கத்தில் உள்ள நெம்பைத் தூக்கினால் கழன்றுவிடும், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். அந்தக் கப்ளரில் 15 என்று எண் போட்ட பின் நிரந்தர 12 வோல்ட், 12 என்று எண் போட்டது எர்த். மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் அங்கே வையுங்கள். சாவி போடாமலே 12 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டினால் வண்டி தன் வேலையைச் செய்கிறது, கோளாறு செட்டில்தான். ஒன்றும் காட்டவில்லை என்றால் சிவப்பு முனையை 15-லேயே வைத்துக்கொண்டு கறுப்பு முனையை மட்டும் டேஷ்போர்டுக்குள் தெரியும் வெறும் இரும்பில் தொட்டுப் பாருங்கள். இப்போது 12 வந்தால் எர்த் வயர்தான் விட்டிருக்கிறது. அப்போதும் வரவில்லை என்றால் ஃப்யூஸைத் தேடுங்கள். வண்டியின் ஃப்யூஸ் பெட்டியில் ஒன்று இருக்கும், செட்டின் முதுகிலேயே இன்னொன்று செருகியிருக்கும். பல பேர் பார்க்க மறப்பது இந்த இரண்டாவதைத்தான்.

சரி, செட்தான் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கடையில் போய் நின்றதும் எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள். பட்டன் அப்படியே இருக்கிறதா, நம் செட் மாதிரியே தெரிகிறதா என்று. முகம் பாதி உண்மையைத்தான் சொல்லும். திருப்பி மேல்தகட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் பார்ட் நம்பர் மூன்று மூன்று எழுத்தாகப் பிரிந்து இருக்கும். முதல் மூன்று எந்த வண்டிக்காக வடிவமைத்தது என்பதைச் சொல்லும். 6ஆர் என்று ஆரம்பித்தால் உங்கள் தலைமுறை போலோ குடும்பம், 1கே என்றால் கோல்ஃப் குடும்பம். அடுத்த மூன்று 035 என்றிருந்தால் அது ரேடியோ வகை. கடைசி மூன்றும் அதன் பின்னால் வரும் ஆங்கில எழுத்தும்தான் முக்கியம். ப்ளூடூத் உண்டா, யூஎஸ்பி உண்டா, எந்தத் திருத்தம் என்பதெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது. உங்கள் பழைய செட்டின் லேபிளை போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எண் முழுக்க ஒத்துப்போனால் மாட்டிய உடனே வேலை செய்யும் என்று தைரியமாகச் சொல்வேன், பூட்டு ஒன்றைத் தவிர. கடைசி எழுத்து மட்டும் வேறு என்றால் பெரும்பாலும் வேலை செய்யும். அந்தக் கடைசி மூன்று எண்ணே வேறு என்றால் பாட்டு வரலாம், ஸ்டியரிங் பட்டன் வராமல் போகலாம், ப்ளூடூத் மைக் வராமல் போகலாம். கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்பார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை, அவர் பார்ப்பது ஓட்டையின் அளவை மட்டும்தான்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. ஒற்றை டின் என்பது 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். இரட்டை டின் அதே அகலம், 100 உயரம். டொயோட்டா மட்டும் பல வண்டிகளில் 200 மில்லிமீட்டர் அகலம் வைக்கும். உங்களுடையது இரட்டை டின் உடம்புதான், ஆனால் முகம் அதைவிட அகலமாக ஃபோக்ஸ்வாகனுக்கே உரிய வடிவத்தில் இருக்கும். அதனால் வென்டோ செட் உங்களுக்குச் சரியாக வரும். போலோவும் வென்டோவும் ஒரே சட்டியில் செய்த வண்டிகள், டேஷ்போர்டும் ஒன்றே என்று சொல்லலாம். ரேபிடும் அதே குடும்பம்தான், ஆனால் ஸ்கோடாவின் செட் முகம் வேறு, ஃப்ரேம் வேறு. பின்னால் கப்ளர் பொருந்தும், முன்னால் சந்து தெரியும். காரில் பல்லிளிக்கும் டேஷ்போர்டைத் தினமும் பார்க்க முடியும் என்றால் எடுங்கள், நான் எடுக்க மாட்டேன்.

இனி பூட்டு. இந்த செட்களுக்கு நான்கு இலக்க ரகசிய எண் உண்டு. கார் ரேடியோ திருட்டு தலைவிரித்தாடிய காலத்தில் வந்த ஏற்பாடு இது. உங்கள் வண்டியிலேயே இருந்தவரை அந்த எண்ணை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள், ஏனென்றால் செட் ஸ்பீடோமீட்டர் யூனிட்டை அடையாளம் வைத்துக்கொண்டு தானாகத் திறந்துகொள்ளும். வேறு வண்டியில் மாட்டியதும் பழைய ஸ்பீடோமீட்டரைக் காணாமல் 'சேஃப்' என்று நின்றுவிடும். ஆகவே உடைத்த வண்டியிலிருந்து வந்த ஒவ்வொரு செட்டும் உங்களிடம் எண் கேட்கும் என்றே நினைத்துக்கொண்டு போங்கள். எண்ணை எங்கே பிடிப்பது? முதல் வழி, உடைந்த வண்டியின் கையேட்டுப் பையில் கிடக்கும் சின்ன அட்டை. உடைக்கிறவர்கள் காகிதத்தை மதிப்பதில்லை, ஆனாலும் கேட்டுப் பாருங்கள். ஒரு முறை கேட்டு, குப்பை மூட்டைக்குள்ளிருந்து கையேட்டையே எடுத்துக் கொடுத்தார் ஒரு பாய். இரண்டாவது வழி, லேபிளில் விடபிள்யூஇசட் என்று ஆரம்பிக்கும் 14 எழுத்துச் சீரியல் நம்பர். ஸ்கோடா செட் என்றால் எஸ்கேஇசட் என்று ஆரம்பிக்கும். அதைக் கொடுத்தால் டீலர் கம்பெனியிடம் கேட்டு எண் வாங்கித் தர முடியும். தருவாரா என்பது வேறு விஷயம். ஆர்சி கேட்பார்கள், அடையாளச் சான்று கேட்பார்கள், சில இடத்தில் பழைய செட்டுக்குப் பில் கேட்பார்கள், சில இடத்தில் முடியாது என்றே சொல்லிவிடுவார்கள். மூன்றாவது வழி, செட்டைத் திறந்து உள்ளே இருக்கும் மெமரி சிப்பைப் படித்து எண்ணை எடுக்கும் ஆட்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருப் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள். நேர்மையாக வாங்கிய செட்டுக்கு அதில் தப்பில்லை, கூலியை மட்டும் செட் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள், குத்துமதிப்பாக எண் போட்டுப் பார்ப்பது. இரண்டு முறை தப்பாகப் போட்டால் செட் சுமார் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும், அந்த நேரம் முழுக்க அதை ஆன் செய்தே வைத்திருக்க வேண்டும். நடுவில் அணைத்தால் காத்திருந்தது வீண். கடையில் உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் 0000, 1234 என்று விளையாடிவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் சரியான எண்ணோடு போனாலும் ஏற்காது. அப்போது செட் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள், பேட்டரியோடு ஆன் செய்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

புதுப்பேட்டைக்கு எதை எடுத்துக்கொண்டு போவது என்றால், என் பையில் இருப்பதைச் சொல்கிறேன். யூபிஎஸ்ஸில் இருக்குமே, 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் சின்ன பேட்டரி, அது ஒன்று. அதன் பாசிட்டிவ் வயரில் 10 ஆம்பியர் ஃப்யூஸ். வயர் வாலோடு ஒரு குவாட்லாக் கப்ளர். பழைய கதவு ஸ்பீக்கர் ஒன்று. பாட்டு ஏற்றிய பென் டிரைவ், மல்டிமீட்டர், டார்ச். இதை விரித்து வைத்ததுமே கடைக்காரரின் பேச்சு மாறிவிடும். 'டெஸ்டிங் ஓகே சார், ரிட்டர்ன் கிடையாது' என்று ஆரம்பித்தவர், 'அண்ணே, அதை விடுங்க, இதைப் பாருங்க' என்று உள்ளேயிருந்து வேறு பீஸ் எடுத்து வருவார்.

15-க்கு பாசிட்டிவ், 12-க்கு நெகட்டிவ் கொடுத்து வால்யூம் குமிழை அழுத்துங்கள். சாவி சிக்னல் இல்லாமலும் இந்த செட்கள் குமிழை அழுத்தினால் எழும். எழுந்து 'சேஃப்' காட்டினால் பவர் பகுதியும் திரையும் உயிரோடு இருக்கின்றன, அவ்வளவுதான் தெரியும். எண் கைவசம் இருந்தால் போட்டுத் திறந்து, ஸ்பீக்கரை ஒவ்வொரு ஜோடியாக மாற்றி நான்கையும் கேளுங்கள். கப்ளரின் 1 முதல் 8 வரை ஸ்பீக்கர் பின்கள். இந்த செட்களில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயரும் உயிருள்ள வயர்தான், அதை எர்த்தில் தொட்டுவிடாதீர்கள். பழைய அம்பாசடர் பழக்கத்தில் ஒற்றை வயர் இழுத்து பாடியில் எர்த் கொடுத்து ஸ்பீக்கரை ஓட்டும் சிப்பான அவுட்புட் ஐசியைக் கொன்றவர்கள் ஏராளம். செட் பாடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு ஸ்பீக்கர் பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவில் டிசி வோல்ட் பாருங்கள், எட்டிலும் கிட்டத்தட்ட 6 வோல்ட், அதாவது பேட்டரியின் பாதி, இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 0 அல்லது 12 காட்டினால் ஐசி போய்விட்டது, கீழே வைத்துவிடுங்கள். எண் இல்லாமல் பூட்டிய நிலையில் வாங்கினால் இந்தச் சோதனை எதையும் செய்ய முடியாது. சத்தம், சிடி, ப்ளூடூத் எல்லாம் அதிர்ஷ்டம்தான். அந்த அதிர்ஷ்டத்துக்கு ஏற்ற விலைதான் தர வேண்டும். திரை எழவே இல்லை என்றால் 'கோட் நம்பர் போட்டா வந்துடும் சார்' என்ற பேச்சைக் கேட்காதீர்கள். பூட்டிய செட்டும் எழுந்து நின்றுதான் பூட்டைக் காட்டும்.

நான் ஏமாந்த கதை 2016 தொடக்கத்தில் நடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏகப்பட்ட வண்டிகள் முழுகின, இன்ஷூரன்ஸில் முழு நஷ்டம் என்று எழுதப்பட்டவை உடைக்க வந்தன. அடுத்த சில மாதம் புதுப்பேட்டையில் புது மாடல் சாமான்கள் மலிவாகக் குவிந்தன. ஒரு கடையில் பளபளப்பான செட் ஒன்று எடுத்தேன். மேசையில் நன்றாகப் பாடியது. வாடிக்கையாளர் வண்டியில் மாட்டி இரண்டாவது வாரம், ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக வால்யூம் ஏறியது, பிறகு நின்றே போனது. கழற்றி மேல்தகட்டைத் திறந்தேன். போர்டின் பாதி உயரத்தில், டீ டம்ளரில் காய்ந்த கறை மாதிரி ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே ஐசி கால்களில் பச்சைப் பூஞ்சை பிடித்த மாதிரி செம்புக் களிம்பு, சிடி போகும் வாயின் உதட்டில் மாவு மாதிரி வண்டல். முகத்தை மட்டும் துடைத்து வைத்திருக்கிறார்கள், நானும் முகத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து டார்ச் இல்லாமல் போவதில்லை. சிடி வாய்க்குள் அடித்துப் பாருங்கள், காற்று ஓட்டைகள் வழியாகப் பாருங்கள், தகட்டு ஸ்க்ரூவின் குழியில் துரு இருக்கிறதா பாருங்கள், மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். கூவம் ஓரத்துக் கடையில் எது செட்டின் வாடை, எது ஊரின் வாடை என்று பிரித்தறிவது கொஞ்சம் பயிற்சி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் இதே கதைதான். அதனால் சென்னையில் வாங்குகிறவர்கள் வெள்ளச் சோதனையை ஒரு நாளும் விடக்கூடாது. முன்பக்கம் அடிபட்டு உடைக்க வந்த வண்டியின் செட் என்றால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை அதிகம். மோதியதில் டேஷ்போர்டு பிளந்திராவிட்டால் செட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இன்னொரு விஷயம், செட்டை மட்டும் வாங்காதீர்கள், வாலோடு வாங்குங்கள். கப்ளரோடு ஒரு சாண் வயர், ஆன்டெனா முனை, சுற்று ஃப்ரேம், அந்த நாலு ஸ்க்ரூ எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். உடைக்கிறவர்கள் கட்டிங் பிளேயரால் கப்ளர் ஓரத்திலேயே நறுக்கிவிடுவார்கள். வண்டி அங்கேயே நின்றால் முன்கூட்டியே சொல்லி நீளமாக வெட்டச் சொல்லுங்கள். எண் ஒத்துப்போகும் செட்டுக்கு வால் தேவைப்படாது. ஆனால் நாளைக்கு வேறு செட் மாற்ற நினைத்தால் உங்கள் வண்டியின் சொந்த வயரை வெட்டாமல் காப்பாற்றுவது அந்த வால்தான். வண்டியின் ஒரிஜினல் வயரை வெட்டிச் சுற்றி டேப் ஒட்டியதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

தூக்கத்துக்கு வருவோம். பழைய வண்டிகளில் சாவி போட்டால் ஒரு தனி வயரில் 12 வோல்ட் வரும், எடுத்தால் போகும், செட் அதைப் பார்த்து அணையும். உங்கள் போலோவில் அந்த வயர் செட்டுக்கு வருவதில்லை. சாவி போட்டாயிற்று, எடுத்தாயிற்று என்ற செய்தி கேன் பஸ் என்ற இரண்டு மெல்லிய வயர்களில் மற்றச் செய்திகளோடு சேர்ந்து வருகிறது. சரியான கம்பெனி செட் என்றால் அந்தப் பேச்சு புரிந்து தானே தூங்கிவிடும். புரியாத செட் என்றால் ஒன்று எழவே எழாது, அல்லது தூங்கவே தூங்காது. என் மைத்துனர் வண்டியில் நான் செய்த முட்டாள்தனம் இது. கேன் தெரியாத வெளிச் செட் (கார் கம்பெனி போடாமல் கடையில் தனியாக வாங்கும் செட்) ஒன்றை மாட்டினேன். சாவி வயர் கிடைக்கவில்லை. அவசரத்தில் நிரந்தர 12 வோல்ட்டையே செட்டின் நிரந்தர வயர், சாவி வயர் இரண்டுக்கும் கொடுத்துவிட்டேன். பட்டனில் அணைத்துக்கொள்ளுங்கள் மாமா என்று சொல்லி அனுப்பினேன். திரை அணைந்தாலும் உள்ளே 0.4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர்-ஹவர், நான்கு நாளில் 38 தாண்டிவிடும். அவர் திருச்செந்தூர் போய்விட்டு ஐந்தாம் நாள் வந்து சாவி திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான். 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரிதான், ஆனால் மூன்று வயதான பேட்டரியில் அவ்வளவு எங்கே மிச்சமிருக்கும்?

இதை வைத்து வெளிச் செட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேன் செய்தியைப் படித்து சாவி சிக்னலாக மாற்றித் தரும் சின்ன அடாப்டர் பெட்டி கிடைக்கிறது, அதோடு மாட்டினால் பிரச்சினை இல்லை. வேறு ஒரு பொறியும் உண்டு. உலகப் பொதுவான ஐஎஸ்ஓ கப்ளரில் 4-ஆம் பின் நிரந்தர 12 வோல்ட், 7-ஆம் பின் சாவி 12 வோல்ட். பழைய ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். தெரியாமல் செருகினால் சாவி எடுத்ததும் நேரம், ஸ்டேஷன் எல்லாம் மறந்துபோகும் செட் கிடைக்கும். வயர் நிறத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். மஞ்சள் நிரந்தரம், சிவப்பு சாவி, கறுப்பு எர்த் என்பது வெளிச் செட்காரர்களின் வழக்கம், கார் கம்பெனிகளுக்கு ஆளுக்கொரு வழக்கம்.

கம்பெனி செட்டே போட்டாலும் சில சமயம் கணினியில் கோடிங் பார்க்க வேண்டிவரும். எத்தனை ஸ்பீக்கர், ஸ்டியரிங் பட்டன் உண்டா போன்றவை செட்டுக்குள் எழுதப்பட்டிருக்கும். நான்கு ஸ்பீக்கர் வண்டியில் பின்பக்கம் மட்டும் ஊமையாக இருந்தால் ஸ்பீக்கரைக் கழற்றுவதற்கு முன் விசிடிஎஸ் (இந்த வண்டிகளின் யூனிட்டுகளைப் படிக்கும் கணினி மென்பொருள்) வைத்திருக்கும் ஆளிடம் 56-ஆம் நம்பர் யூனிட்டை, அதாவது ரேடியோவை, திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. நான் சொல்வது பட்டன் வைத்த உங்கள் காலத்துச் செட்டுக்கு. பிறகு வந்த தொடுதிரைச் செட்களில், முக்கியமாக ஆடியிலும் பெரிய ஃபோக்ஸ்வாகன் வண்டிகளிலும், கம்போனன்ட் ப்ரொடெக்‌ஷன் என்று வேறு ஒரு பூட்டு வந்துவிட்டது. டீலர் கம்பெனி சர்வரோடு இணைத்துத்தான் அதை விடுவிக்க முடியும். அந்த ரகத்தைப் பழையதில் வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஆன்டெனா சின்ன விஷயம், ஆனால் புகார் அதிகம் வருவது அதில்தான். உங்கள் வண்டியின் கூரை ஆன்டெனாவுக்குள் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது, அதற்குக் கரண்ட் செட்டிலிருந்து ஆன்டெனா கேபிள் வழியாகவே போகிறது. கம்பெனி செட் அதைத் தரும், வெளிச் செட் தராது. அதற்கென்று 12 வோல்ட் செலுத்தும் ஆன்டெனா அடாப்டர் போடாவிட்டால் தாம்பரம் தாண்டியதும் எஃப்எம் இரையும், ஆட்கள் செட்டைத் திட்டுவார்கள்.

வெளிநாட்டு செட் மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் காட்டுவார்கள். ஜப்பானுக்காகச் செய்த பழைய செட் 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். சென்னையில் 91.1-லிருந்துதான் வணிக நிலையங்களே ஆரம்பிக்கின்றன, அண்ணா பல்கலைக்கழகத்தின் எஃப்எம்கூட 90.4. ஒன்றுமே கேட்காது. அமெரிக்க செட் ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டும் தாவும். 93.5, 98.3 கிடைக்கும், 101.4-ம் 106.4-ம் கிடைக்காது. சிலவற்றில் பிரதேசத்தை மாற்றும் அமைப்பு உண்டு, அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஜப்பானிலிருந்து வந்த வண்டிகள் நிறைந்த ஊர், கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிபாகக் கடைகளில் செட் தேடும்போது எஃப்எம் எதுவரை போகிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். அங்கே டொயோட்டா செட்களில் இன்னொரு தலைவலி, வரைபட எஸ்டி கார்டு இல்லாமல் வந்தால் திரை ஜப்பானிய எழுத்தில் அதைக் கேட்டுக்கொண்டே நிற்கும்.

சட்டப் பக்கம் நான் வக்கீல் இல்லை, ஆனால் தொழிலில் இருப்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவு வாங்கியவர் மேலும் பாயும். பூட்டிய செட், லேபிள் கிழிக்கப்பட்டிருக்கிறது, பில் கிடையாது, விலை ஆச்சரியமாகக் குறைவு என்று எல்லாம் சேர்ந்தால் நம்பக் காரணம் இருந்ததா என்ற கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? பில்லில் சீரியல் நம்பர் எழுதித் தரச் சொல்லுங்கள். துண்டுச் சீட்டில் எழுதி முத்திரை குத்தினாலும் போதும், டீலரிடம் ரகசிய எண் கேட்கும்போதும் அது உதவும். 2021 செப்டம்பரில் வந்த வாகன உடைப்பு மைய விதிகளின்படி பதிவு பெற்ற மையங்கள் வண்டியை எடுக்கும் முன் திருட்டுப் பதிவு இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த செட் கிடைத்தால் நிம்மதி. புதுப்பேட்டைக் கடைகளில் தலைமுறையாக நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களும் நிறைய. காயலான் கடை என்றாலே சந்தேகப்படுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

விலைக்கு என் கணக்கு இது. செட், ரகசிய எண், மாட்டும் கூலி மூன்றும் சேர்ந்து, நல்ல வெளிச் செட்டும் அதற்கான அடாப்டர்களும் சேர்ந்த விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். எண் முழுக்க ஒத்த, பூட்டுத் திறந்த, வெள்ளம் படாத செட் என்றால் பாதிக்கு மேலும் கொஞ்சம் தரலாம். டேஷ்போர்டு கைபடாமல் இருக்கும் என்பதற்கு ஒரு மதிப்பு உண்டு.

மாட்டும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். திரும்பப் போட்டதும் பவர் விண்டோ ஒரே தட்டில் ஏறாமல் போகலாம். கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றி சுவிட்சைக் கொஞ்ச நேரம் பிடித்தால் சரியாகிவிடும். பாட்டு வந்துவிட்டது என்று உடனே ஃப்ரேமை அழுத்தி மூடாதீர்கள். முதல் நாள் ராத்திரி வண்டியைப் பூட்டி, முக்கால் மணி நேரம் கழித்து பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் அதன் வயருக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். பானெட்டைத் திறந்து, அதன் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவைத்து, கதவுகளைப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். மீட்டரை இணைக்கும்போது நெகட்டிவ் ஒரு நொடி விட்டாலும் யூனிட்டுகள் எல்லாம் விழித்துக்கொள்ளும், அப்படி ஆனால் மறுபடியும் அந்த முக்கால் மணி நேரம்தான். 20 முதல் 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்கியிருந்தால் செட் தூங்கிவிட்டது. 300, 400 என்று நின்றால் குவாட்லாக்கைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் இறங்கினால் குற்றவாளி செட்தான், இன்னும் கடைக்காரரின் ஞாபகத்தில் நீங்கள் இருக்கும்போதே எடுத்துக்கொண்டு போங்கள். இறங்கவில்லை என்றால் வண்டியில் வேறு எதுவோ விழித்திருக்கிறது. ஒருவேளை உங்கள் பழைய செட்டைக் கொன்றதும் அதுவாக இருக்கலாம், அந்த மீட்டர் எண்ணையும் இரண்டு லேபிள் படங்களையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.